ஆங்கில வாக்கியப் பிழைகளுக்கு ஒரு பயிற்சி நூல்: ரேமண்ட் மர்ஃபியின் ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’

ஆங்கிலத்தை ஓரளவு வாசிக்கவும் புரிந்துகொள்ளவும் தெரிந்திருந்தும், சொந்தமாக ஒரு பத்தி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்று வருந்துவோருக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் நூல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டிருக்கும் ‘இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்’ ஆகும். ரேமண்ட் மர்ஃபி எழுதிய இந்நூலின் முதல் பதிப்பு 1985இல் வந்தது. ஐந்தாம் பதிப்பு 2019இல் வந்தது. வேலைக்கான விண்ணப்பங்களையும் அலுவலகக் கடிதங்களையும் திருத்திக் கொடுக்கும் பணியில் இருப்பதால், நம்மவர்களின் ஆங்கில எழுத்தில் எந்தெந்தப் பிழைகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன என்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அந்தப் பிழைகளை முன்னால் வைத்துக்கொண்டே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், தமது தமிழ் இலக்கண அறிவை ஒதுக்கி வைக்காமல் கூடவே வைத்துக்கொண்டு படித்தால், இந்நூல் மற்றவர்களுக்குத் தருவதைவிட அதிகப் பலனைத் தரும் என்பது என் உறுதியான கருத்து.

நூலின் அமைப்பு மிக எளிமையானது. மொத்தம் 145 பாடங்கள். ஒவ்வொரு பாடமும் எதிரெதிரான இரண்டு பக்கங்களில் முடிந்துவிடுகிறது: இடப்பக்கத்தில் விளக்கம், வலப்பக்கத்தில் அதே விளக்கத்துக்கான பயிற்சி. பாடத்தைப் படித்துவிட்டுப் பயிற்சியைத் தேடி நூலின் கடைசிக்கு ஓட வேண்டியதில்லை. பயிற்சியில் ஐயம் வந்தால் கண்ணை இடப்பக்கம் திருப்பினாலே போதும். விளக்கங்களில் வரையறைகள் குறைவு, எடுத்துக்காட்டுகள் அதிகம். சரியான வடிவத்தைக் காட்டியபின், கற்பவர்கள் வழக்கமாகத் தவறு செய்யும் இடங்களில் ‘இப்படி எழுதக் கூடாது’ என்று தவறான வடிவத்தையும் அடைப்புக்குறிக்குள் காட்டுவது ஆசிரியரின் வழக்கம். இந்தச் சிறு ஏற்பாட்டின் அருமை, தன் பிழை எது என்றே தெரியாமல் இருப்பவருக்குத்தான் முழுமையாகப் புரியும். அவர் எழுதும் வாக்கியம் அச்சு அசலாக அந்த அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பார்க்கும்போதுதான், அது பிழை என்பதே அவருக்கு உறைக்கும்.

நம் நாட்டில் தலைமுறை தலைமுறையாகப் பயன்பட்டு வரும் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கண நூலோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியாது. அந்த நூல் சொற்களின் வகைகளில் தொடங்கி, வரையறை, உட்பிரிவு, விதிவிலக்கு என்று ஒழுங்காகக் கட்டி எழுப்பப்பட்டது. இலக்கணத்தின் முழு வரைபடத்தை அறிய விரும்புவோருக்கு அது இன்றும் பயனுள்ளது. ஆனால், ஒரு வாக்கியத்தைக் கூறுகூறாகப் பிரித்துப் பெயரிடத் தெரிவது வேறு. அந்த வாக்கியத்தைப் பிழையின்றி எழுதத் தெரிவது வேறு. ‘ஹேவ்’ சேர்ந்து வரும் ‘பிரசென்ட் பெர்ஃபெக்ட்’ என்ற வினைவடிவத்தின் வரையறையைத் தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிக்கும் பட்டதாரிகள், தம் கடிதத்தின் முதல் வரியிலேயே அதைத் தவறாகப் பயன்படுத்துவதை நான் கண்டிருக்கிறேன். மர்ஃபியின் நூல் வரையறையைக் கேட்பதில்லை. ஒரு சூழலைக் கொடுத்து, அதில் எந்த வடிவம் வரும் என்று எழுதச் சொல்கிறது.

இந்த வேறுபாட்டை விளங்கிக்கொள்ள, 11, 12ஆம் பாடங்களைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நம்மவர்களின் விண்ணப்பங்களில் மிக அதிகமாக வரும் பிழை எது என்று என்னைக் கேட்டால், ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்’ என்ற வாக்கியத்தைத்தான் சொல்வேன். இந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு காரணத்தால் வருபவை.

முதற்பிழை வினையில் இருக்கிறது. தமிழில் ‘மூன்று ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொல்வதே இயல்பு. அதில் குறையொன்றும் இல்லை. ஆங்கிலமோ, முன்பே தொடங்கி இன்றுவரை தொடரும் ஒன்றின் கால அளவைச் சொல்லும்போது வெறும் நிகழ்காலத்தை ஏற்பதில்லை. ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்றே கேட்கிறது. 11ஆம் பாடம் இதை ஒரு தம்பதியின் இருபதாம் ஆண்டுத் திருமண நாளை வைத்து விளக்குகிறது. அவர்கள் மணமானவர்கள் என்று மட்டும் சொல்வதற்கு நிகழ்காலம் போதும். எத்தனை ஆண்டுகளாக என்று சொல்ல வந்துவிட்டால் வினை மாறிவிடுகிறது. இரண்டு வாக்கியங்களும் அருகருகே நிற்பதால், மாற்றத்துக்குக் காரணம் கால அளவுதான் என்பது எந்தக் கலைச்சொல்லும் இல்லாமல் விளங்கிவிடுகிறது.

இரண்டாம் பிழை, ‘ஃபார்’ வர வேண்டிய இடத்தில் ‘சின்ஸ்’ வந்திருப்பது. 12ஆம் பாடம் இதற்கென்றே இருக்கிறது: கால அளவு என்றால் ‘ஃபார்’, தொடங்கிய நேரம் என்றால் ‘சின்ஸ்’. வேறு மொழி பேசுவோர் பலருக்கு இதை நினைவில் நிறுத்துவது கடினமாக இருக்கலாம். தமிழருக்கு அப்படி இருக்க வேண்டியதே இல்லை. ‘மூன்று ஆண்டுகளாக’ என்றும் ‘2021 முதல்’ என்றும் நாமே வேறுபடுத்தித்தான் பேசுகிறோம். ‘மூன்று ஆண்டுகள் முதல் வேலை செய்கிறேன்’ என்று எவரும் சொல்வதில்லை. ‘ஆக’ வரும் இடத்தில் ‘ஃபார்’, ‘முதல்’ அல்லது ‘இலிருந்து’ வரும் இடத்தில் ‘சின்ஸ்’ என்று அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டால், வலப்பக்கப் பயிற்சியைத் தயக்கமின்றி முடித்துவிடலாம். நான் யாருக்கு இந்நூலைப் பரிந்துரைத்தாலும் ஓரத்தில் தமிழில் குறிப்பெழுதும் பழக்கத்தையும் சேர்த்தே பரிந்துரைக்கிறேன்.

இதையடுத்து வரும் 13, 14ஆம் பாடங்கள், நிறைவுற்ற இறந்தகாலத்தையும் ‘பிரசென்ட் பெர்ஃபெக்ட்’ வடிவத்தையும் எதிரெதிரே வைத்துக் காட்டுகின்றன. வேலை தேடுவோர் மற்ற எதை விட்டாலும் இவற்றை விடக் கூடாது. ‘ஐ வொர்க்ட் இன் எ டெக்ஸ்டைல் மில் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதினால் அந்த வேலையை விட்டாகிவிட்டது என்று பொருள். ‘ஐ ஹேவ் வொர்க்ட்’ என்று தொடங்கி அதே வாக்கியத்தை எழுதினால், இன்னும் அந்த ஆலையிலேயே இருப்பதாகப் படிப்பவர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. இரண்டுமே இலக்கணப்படி சரியான வாக்கியங்கள். ஆகையால்தான், இப்போது கணினியிலும் கைப்பேசியிலும் கிடைக்கும் பிழைதிருத்தும் செயலிகளை மட்டும் நம்பி எழுதுவது போதாது என்று சொல்கிறேன். அச்செயலிகள் எழுத்துப் பிழையையும் வெளிப்படையான இலக்கணப் பிழையையும் நொடியில் காட்டிவிடும். அந்த உதவியை மறுப்பதற்கில்லை. ஆனால், விண்ணப்பிப்பவர் அந்த வேலையில் இன்னும் இருக்கிறாரா, விட்டுவிட்டாரா என்பது செயலிக்குத் தெரியாது. எழுதுகிறவருக்கு மட்டுமே தெரிந்த அந்த உண்மையை எந்த வடிவம் சரியாகச் சொல்லும் என்பதையும் அவரேதான் அறிந்திருக்க வேண்டும்.

நூலின் மிகச் சிறந்த பகுதி எது என்றால், 69 முதல் 81 வரையிலான பாடங்கள் என்பேன். பெயர்ச்சொற்களும், ‘எ’, ‘ஆன்’, ‘தி’ ஆகிய முன்னொட்டுச் சொற்களும் இப்பகுதியில் இடம்பெறுகின்றன. ‘தமிழில் ஆர்ட்டிகிள் கிடையாது, அதனால்தான் நமக்கு இது வராது’ என்று ஆசிரியர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த மனப்பான்மையை விட்டுவிட வேண்டும். தமிழில் அந்தச் சொற்கள் இல்லை என்பது உண்மை. அவை உணர்த்தும் வேறுபாடு இல்லை என்பது உண்மையன்று.

பள்ளியில் படித்த இரண்டாம் வேற்றுமைத் தொகையை நினைவுகூர்க. ‘புத்தகம் வாங்கினேன்’ என்பதில் ‘ஐ’ உருபு தொக்கி நிற்கிறது. ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்பதில் வெளிப்பட்டு நிற்கிறது என்று தேர்வுக்காகப் படித்தோம். ஆனால் பேச்சில் இவ்விரண்டையும் நாம் ஒரே பொருளில் பயன்படுத்துவதில்லை. கடைவீதியிலிருந்து திரும்பி வந்தவர் ‘புத்தகம் வாங்கினேன்’ என்றால், ஏதோ ஒரு புத்தகம் வாங்கியிருக்கிறார் என்று கேட்பவர் புரிந்துகொள்கிறார். ‘புத்தகத்தை வாங்கிவிட்டேன்’ என்றால், முன்பே இருவரும் பேசி வைத்திருந்த அந்தப் புத்தகம் என்று புரிந்துகொள்கிறார். ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘எ புக்’, இரண்டாவதற்கு ‘தி புக்’. அஃறிணைப் பொருள் செயப்படுபொருளாக வரும் வாக்கியங்களில் பெரும்பாலும் இந்த உரைகல் நமக்குக் கைகொடுக்கும். எழுவாயாக வரும்போது இது உதவாது. ‘அந்த’ என்ற சுட்டைச் சேர்த்துச் சொல்லிப் பார்த்து, பொருள் மாறாமல் இருக்கிறதா என்று அங்கே பார்க்க வேண்டும்.

இந்தப் புரிதலோடு 72ஆம் பாடத்தைத் திறந்தால், மர்ஃபி அதே செய்தியைத் தன் வழியில் சொல்லியிருப்பதைக் காணலாம். மதிய உணவுக்கு ஒரு சாண்ட்விச்சும் ஓர் ஆப்பிளும் சாப்பிட்டதாக ஒருவர் சொல்கிறார். முதன்முறை சொல்வதால் ‘எ’, ‘ஆன்’. அடுத்த வாக்கியத்தில் அந்த சாண்ட்விச் நன்றாக இல்லை, ஆப்பிள் நன்றாக இருந்தது என்கிறார். இப்போது எது என்று கேட்பவருக்குத் தெரிந்துவிட்டதால் இரண்டுக்கும் ‘தி’. இதையடுத்து 75ஆம் பாடம் பொதுப்படப் பேசும்போது ‘தி’ வராது என்பதைச் சொல்கிறது. குழந்தைகள் என்று உலகிலுள்ள குழந்தைகள் எல்லாரையும் குறித்தால் ‘சில்ட்ரன்’ மட்டும் போதும். இந்த வீட்டுக் குழந்தைகள் என்றால் ‘தி சில்ட்ரன்’. நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளில் ‘தி எஜுகேஷன் இஸ் இம்பார்ட்டன்ட்’, ‘தி நேச்சர் கிவ்ஸ் அஸ் எவ்ரிதிங்’ என்று வரும் பிழைகளுக்கெல்லாம் இந்த ஒரே பாடம் மருந்து. முக்கியமான சொல்லுக்கு முன்னால் ‘தி’ போட்டால்தான் மரியாதை என்ற எண்ணம் எங்கிருந்தோ நம்மிடம் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை உதறத்தான் வேண்டும்.

அதே பகுதியின் 70ஆம் பாடத்தில், எண்ணிச் சொல்ல முடியாத பெயர்ச்சொற்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. இன்ஃபர்மேஷன், அட்வைஸ், ஃபர்னிச்சர், லக்கேஜ், நியூஸ், டிராஃபிக் போன்றவை அதில் அடங்கும். தமிழில் தகவல்கள், அறிவுரைகள், செய்திகள் என்று பன்மையில் சொல்வது இயல்பாக இருப்பதால், ‘இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘அட்வைசஸ்’ என்று எழுதிவிடுகிறோம். இதில் விளங்கிக்கொள்ள ஆழமாக ஒன்றும் இல்லை. பட்டியலைக் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டி வைத்து மனப்பாடம் செய்வதே வழி.

அயற்கூற்றுக்கு வருவோம். 47 முதல் 50 வரையிலான பாடங்களைத் தமிழர்கள் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். ஏனென்றால், இந்த இடத்தில் தமிழ் நமக்குத் துணை நிற்பதில்லை. ‘எங்கே போகிறாய் என்று கேட்டார்’ என்று நாம் சொல்லும்போது, கேட்டவரின் சொற்கள் அப்படியே நிற்கின்றன; ‘என்று’ என்ற ஒரு சொல் அவற்றைத் தாங்கிக்கொள்கிறது. காலமும் மாறுவதில்லை, வினா அமைப்பும் மாறுவதில்லை. இந்த வசதி ஆங்கிலத்துக்கு இல்லை. அதனால்தான் ‘ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஆர் யூ கோயிங்’ என்று எழுதுகிறோம். இன்னும் சற்றுத் தேர்ந்தவர்கள் ‘வேர் வாஸ் ஐ கோயிங்’ என்று காலத்தையும், ‘யூ’ என்ற முன்னிலையை ‘ஐ’ என்ற தன்மையாகவும் மாற்றிவிட்டு, வினா அமைப்பை மட்டும் விட்டுவிடுகிறார்கள். ‘வேர் ஐ வாஸ் கோயிங்’ என்பதே சரி. கேள்வி இன்னொரு வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டால் அது கேள்வியாக நிற்பதில்லை, எழுவாய் முன்னும் வினை பின்னுமாகச் சாதாரண வாக்கியத்தின் வரிசைக்குத் திரும்பிவிடுகிறது என்பதை 50ஆம் பாடம் தெளிவாகக் காட்டுகிறது. அலுவலக மின்னஞ்சல்களில் ‘ப்ளீஸ் லெட் மீ நோ வென் வில் யூ கம்’ என்று எழுதப்படுவதும் இதே பிழைதான். ‘வென் யூ வில் கம்’ என்று இரண்டு சொற்களை இடம் மாற்றினால் போதும். நாள்தோறும் மின்னஞ்சல் எழுதுவோருக்கு இந்த ஒரு பாடமே நூலின் விலைக்கு ஈடாகும்.

‘ஐ ஆம் ஹேவிங் எ கார்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்பனவும் நமக்கு நன்கு பழகிய பிழைகள். ‘கார் வைத்திருக்கிறேன்’, ‘இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்’ என்பவற்றில் உள்ள ‘இருக்கிற’ என்ற பகுதியை ‘ஆம் ...இங்’ என்று கொண்டுபோவதால் வருபவை என்று நினைக்கிறேன். உடைமையையும் அறிவையும் விருப்பத்தையும் குறிக்கும் வினைகள் தொடர்வினையாக வராது என்பதை 4ஆம் பாடமும், ‘ஹேவ்’ பற்றிய 17ஆம் பாடமும் விளக்குகின்றன. இவற்றுள் 4ஆம் பாடத்தின் பயிற்சிகளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால் காதும் பழகும்.

முன்னிடைச் சொற்களுக்கு, அதாவது பிரிபொசிஷன்களுக்கு, 121 முதல் 136 வரை பாடங்கள் இருக்கின்றன. ‘பற்றி விவாதித்தோம்’ என்பதை அப்படியே எடுத்து ‘டிஸ்கஸ்ட் அபவுட்’ என்று எழுதுவதும், ‘அவருடன் திருமணம்’ என்பதிலிருந்து ‘மேரீட் வித்’ என்று எழுதுவதும், ‘டோல்ட் மீ’ என்பதைப் பார்த்து ‘எக்ஸ்ப்ளெயின்ட் மீ’ என்று எழுதுவதும் இப்பகுதியில் பெயர் சொல்லித் திருத்தப்படும் பிழைகள். ஆயினும் இப்பகுதி வாசிக்கச் சற்று அலுப்பூட்டும். காரணம் சொல்லி விளக்க முடியாத வழக்குகளே இங்கு அதிகம் என்பதால், ஒரே மூச்சில் படிக்காமல், தன் எழுத்தில் ஐயம் வரும்போது பின்னிணைப்பாக உள்ள அகரவரிசையில் தேடிப் பார்ப்பதே நல்லது. அகரவரிசை விரிவாகவும் நம்பத்தக்கதாகவும் அமைந்திருக்கிறது. 137 முதல் 145 வரையிலான கூட்டுவினைப் பாடங்களையும், அதாவது ஃபிரேசல் வெர்ப் பாடங்களையும், அவ்வாறே பயன்படுத்தலாம்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது, இந்நூல் பேச்சு நடைக்குச் சார்பானது. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை இருவர் உரையாடுவதாக அமைந்திருப்பதால், ‘ஐ ஹேவ்’ என்பது ‘ஐவ்’ என்றும் ‘டூ நாட்’ என்பது ‘டோன்ட்’ என்றும் சுருக்க வடிவங்களாகவே வருகின்றன. ஐந்தாவது பின்னிணைப்பு இந்தச் சுருக்கங்களைத் தொகுத்துத் தருகிறது. ஆனால், ஒரு விண்ணப்பத்திலோ ஆய்வுக் கட்டுரையிலோ அவற்றைத் தவிர்ப்பதே மரபு என்பதைக் கற்பவர் மனத்தில் ஆழமாகப் பதியும்படி நூல் எச்சரிப்பதில்லை. பயிற்சிகளைச் செய்யும்போதே விடைகளை முழு வடிவில் எழுதும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. நிறுத்தக்குறிகளுக்கென்று இந்நூலில் தனிப் பாடம் இல்லை. 95, 96ஆம் பாடங்களில், கூடுதல் செய்தியைத் தரும் துணைவாக்கியங்களுக்கு முன்னும் பின்னும் காற்புள்ளி வரும் என்று சொல்லப்படுகிறது. அதற்கு மேல் அதிகம் இல்லை. நம்மவர்கள் எழுதும் ஆங்கிலத்தில், முற்றுப்புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளியை வைத்து இரண்டு மூன்று முழு வாக்கியங்களை ஒரே வரியில் கோத்துவிடுவது மிகப் பரவலான பிழை. தமிழில் ‘வந்து’, ‘பார்த்து’, ‘பேசிவிட்டு’ என்று வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு வினைமுற்றால் நீண்ட வாக்கியத்தை அழகாக முடித்துவிட முடிகிறது. அந்த ஓட்டத்தை ஆங்கிலத்தில் காற்புள்ளியால் மட்டும் கொண்டுவர முயலும்போது வாக்கியம் கட்டறுந்து போகிறது. இதற்கு மர்ஃபியில் மருந்து தேடினால் கிடைக்காது. ஒவ்வொரு முற்றுவினைக்கும் ஒரு வாக்கியம் என்று முதலில் குட்டிக் குட்டி வாக்கியங்களாக எழுதிவிட்டு, பின்னர் தகுந்த இணைப்புச் சொல்லைக் கொண்டு இரண்டிரண்டாகச் சேர்ப்பதையே நான் சொல்லிக் கொடுக்கிறேன். இணைப்புச் சொற்களுக்கு 113 தொடங்கி வரும் பாடங்கள் உதவும்.

எழுவாய்க்கும் பயனிலைக்கும் இடையிலான ஒருமை பன்மைப் பொருத்தமும் போதிய அளவு பேசப்படவில்லை. 79ஆம் பாடம் ‘போலீஸ்’, ‘நியூஸ்’ போன்ற தனித்தன்மையுள்ள சொற்களைத்தான் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. நமக்கு வரும் சிக்கலோ வேறு. உயர்திணையில் ‘வந்தான்’, ‘வந்தார்கள்’ என்று வேறுபடுத்தத் தவறாத நாம், அஃறிணையில் ‘மரங்கள் இருக்கிறது’ என்று பேசிப் பழகிவிட்டோம். ‘இருக்கின்றன’ என்பது எழுத்தில்கூட அருகி வருகிறது. அந்தப் பழக்கம் ‘தி டாக்குமென்ட்ஸ் இஸ் அட்டாச்ட்’ என்று ஆங்கிலத்திலும் வந்து நிற்கிறது. எழுவாய்க்கும் வினைக்கும் இடையே நாலைந்து சொற்கள் புகுந்துவிட்டால் பிழை இன்னும் எளிதாக நுழைகிறது. ‘தி லிஸ்ட் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ்’ என்று தொடங்கினால் அருகில் நிற்கும் ‘ஸ்டூடன்ட்ஸ்’ என்ற பன்மையைப் பார்த்து ‘ஆர்’ என்று எழுதத் தோன்றும். ‘லிஸ்ட்’ என்பதே எழுவாய் என்பதால் ‘இஸ்’ என்றே வர வேண்டும். ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்’ என்று ஒருமையில் எழுதுவதும் நம்மிடையே நிலைத்துவிட்ட பிழை. ‘ஃபிரெண்ட்ஸ்’ என்று பன்மையில் எழுதிவிட்டு வினையை ஒருமையில் வைக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் தனியாகப் பயிற்சி தேவை. ரென் அண்ட் மார்ட்டின் இந்த இடத்தில் மர்ஃபியைவிட விரிவானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, இது பிரிட்டிஷ் ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்ட நூல். அமெரிக்க வழக்கின் வேறுபாடுகள் ஏழாவது பின்னிணைப்பில் சுருக்கமாகத் தரப்பட்டுள்ளன. இந்தியாவிலும் இலங்கையிலும் பள்ளிகள் பிரிட்டிஷ் மரபையே பின்பற்றுவதால் நமக்கு இதில் சிரமமில்லை. ஆனால், நம் நாட்டு அலுவலகங்களுக்கே உரிய ‘டூ தி நீட்ஃபுல்’, ‘ரிவர்ட் பேக்’, ‘மைசெல்ஃப் குமார்’ போன்ற வழக்குகளைப் பற்றி நூலில் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. உலகெங்கும் உள்ளவர்களுக்காக எழுதப்பட்ட நூலில் அவை இடம்பெறாதது இயல்பே. இவற்றுள் சில நம் நாட்டுக்குள் எல்லாருக்கும் விளங்கும் வழக்குகள் என்பதால், அவற்றைப் பெரும் பிழைகளாகக் கருதி அஞ்ச வேண்டியதில்லை. ‘மைசெல்ஃப்’ என்று தொடங்கும் அறிமுகத்தை மட்டும் எங்கும் எழுதாமல் இருப்பது நல்லது.

எப்படிப் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் பாடத்தில் தொடங்கி 145வரை வரிசையாகப் போக வேண்டும் என்று உறுதி எடுத்தவர்கள் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடுகிறார்கள். வரிசையாகப் படிப்பதற்கென்று நூல் எழுதப்படவும் இல்லை. பின்பகுதியில் ‘ஸ்டடி கைட்’ என்றொரு சோதனை இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தவறினால் எந்தப் பாடத்தைப் படிக்க வேண்டும் என்பது அருகிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதில் தொடங்குவதே முறை. அதை முடிக்கப் பொறுமை இல்லாதவர்கள், மேலே நான் குறிப்பிட்ட பாடங்களை மட்டுமாவது முதலில் செய்யலாம்: 11 முதல் 14 வரை, 47 முதல் 50 வரை, 69 முதல் 75 வரை. விடைகளை நூலிலேயே எழுதாமல் தனிக் குறிப்பேட்டில், வெறும் கோடிட்ட இடத்துக்கான சொல்லை மட்டுமல்லாமல் முழு வாக்கியத்தையும் எழுத வேண்டும். ஒரு பாடம் முடிந்ததும், அதே அமைப்பில் தன் வாழ்க்கையைப் பற்றிய உண்மையான வாக்கியங்கள் சிலவற்றை எழுதிப் பார்க்க வேண்டும். மர்ஃபியும் சில பாடங்களின் கடைசிப் பயிற்சியில் இதைத்தான் கேட்கிறார். பலரும் அந்தக் கடைசிப் பயிற்சியை, விடைப்பட்டியலில் ஒரே சரியான விடை இல்லை என்பதற்காக விட்டுவிடுகிறார்கள். எழுத்துப் பழக்கம் உண்டாவது அங்கேதான்.

வாங்கும்போது மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். விடைகளோடு கூடிய பதிப்பு, விடைகள் இல்லாத பதிப்பு என இரண்டு வகை உண்டு. இரண்டாவது வகை வகுப்பறைக்கானது. ஆசிரியர் துணையின்றிப் படிப்பவர் முதல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும், இல்லையேல் பயிற்சி செய்தும் பயனில்லை. அடுத்து, இந்த நீல அட்டை நூல் இடைநிலையில் உள்ளவர்களுக்கானது. எளிய வாக்கியமே தடுமாறும் நிலையில் இருப்பவர்கள், இதே ஆசிரியரின் சிவப்பு அட்டை நூலான ‘எசென்ஷியல் கிராமர் இன் யூஸ்’ என்பதில் தொடங்குவதே சரி. அதில் தொடங்குவது எவருக்கும் குறைவன்று. பழைய புத்தகக் கடையில் வாங்குபவர்கள், வலப்பக்கங்களைப் புரட்டிப் பார்த்து வாங்க வேண்டும். முன்பு வைத்திருந்தவர் விடைகளைப் பேனாவால் நிரப்பி வைத்திருந்தால் பயிற்சிக்கான வாய்ப்பே போய்விடும். முந்தைய பதிப்பாக இருந்தால் தவறில்லை. நான்காம் பதிப்புக்கும் ஐந்தாம் பதிப்புக்கும் இலக்கணத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. கறுப்பு வெள்ளையில் நகலெடுத்து விற்கப்படும் படிகளை வாங்காதீர்கள். ஆசிரியருக்குச் செய்யும் அநீதி ஒருபுறம் இருக்க, கற்பவர் கண்ணில் முதலில் பட வேண்டிய வண்ணக் குறியீடுகள் அவற்றில் மங்கிப்போய்விடுகின்றன.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு ஒரு சொல். வாக்கியத்தில் பிழை எங்கே என்று கண்டுபிடிக்கும் வினாக்களுக்கு இந்நூல் நன்றாக உதவும். ஆனால் செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றுக, நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுக என்று குறிப்பிட்ட வாய்பாட்டில் கேட்கப்படும் வினாக்களுக்கு வேகம் தேவை. அந்த வேகத்தைத் தருமளவுக்கு மாற்றுப் பயிற்சிகள் இதில் இல்லை. அத்தேர்வுகளுக்கென்று உள்ள வினாத்தொகுப்பு ஒன்றை இதனோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.